மூன்று பித்தளை நட்டுகள்

உடைந்தது ஓரத்து ஸ்டட்டா, நடுவில் இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சங்கையாவைக் கேட்டால் ஓரத்தது என்பார். அன்று காலை டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற அவர் மனைவி மாரிக்கனியோ நடுவில் உள்ளதுதான் என்று அடித்துச் சொல்வாள். இருவர் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நேரமும் வரிசையும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். உடைந்தது மட்டும் நிச்சயம்.

மடவார் வளாகம் என்ற பகுதியில், அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், பழைய அம்பாசடரின் முன்சக்கரங்கள் மரக்கட்டைகளின் மேல் ஏறி நின்றன. சங்கையா அடியில் மல்லாந்து கிடந்தார். எஞ்சினின் வார்ப்பிரும்பும் சைலன்சர் குழாயும் சேரும் இடத்தில் மூன்று ஸ்டட்டுகள் உண்டு. தலை இல்லாத, இரண்டு முனையிலும் திருகு மரை வெட்டிய, விரல் நீள இரும்புத் தண்டுகள். அவற்றின் மேல் நட்டுகள். சூட்டிலும் மழையிலும் வருடக்கணக்காகக் கிடந்து, எது ஸ்டட், எது நட் என்று பிரித்துச் சொல்ல முடியாத துருக்கட்டியாக அவை ஆகியிருந்தன. நாலு நாளாக டீசலும் மண்ணெண்ணெயும் மாற்றி மாற்றி விட்டு ஊறப்போட்டிருந்தார்.

ஸ்பேனரை மாட்டி உன்னியபோது நட் கொஞ்சம் அசைந்தது.

"கழறுதுல்ல?" என்றாள் மாரிக்கனி.

கழல்கிற இரும்பு ஒரு மாதிரி இடம் கொடுக்கும், முறுகுகிற இரும்பு வேறு மாதிரி இடம் கொடுக்கும். இது முறுகிக்கொண்டிருந்தது. தெரிந்தும் கை நிற்கவில்லை. 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். ஸ்பேனர் நட்டோடு வந்து அவர் நெற்றியில் இடித்தது.

அப்போதுதான் மாரிக்கனியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. செட்டியார்பட்டியிலிருந்து மலைச்சாமி. சங்கையாவின் அக்காள் மகன், போலீஸில் ஏட்டு. போனை அவள் அப்படியே குனிந்து அவர் காதில் வைத்தாள்.

"மாமா, பஸ்ஸப் பிடிச்சு வாங்க. அம்மாவுக்கு ரொம்ப முடியல. ராத்திரி பூரா ஒங்களத்தான் கேக்குது."

"வண்டிய மாட்டிட்டு வந்துருதேனே."

"வண்டி கெடக்கட்டும் மாமா. நீங்க வாங்க."

அந்த அக்காள் பாலம்மாளுக்காகத்தான் வண்டியைக் கழற்றியதே. போன வெள்ளிக்கிழமை பார்க்கப் போயிருந்தபோது, "ஒருக்கா என்னைய நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலே. ஆனா ஒன் வண்டிப் பொகை நெஞ்ச அடைக்குமே" என்றாள். குழாய் சேருமிடத்தில் இடுக்கை அடைத்திருந்த பேக்கிங் என்றைக்கோ எரிந்து போயிருந்தது. அந்த இடுக்கு வழியே புகை உள்ளே வரும். சத்தம் வெளியே போகும். பட்பட்டென்று அது வெடிக்கிற சத்தத்தை, தறிகள் ஓடுகிற அந்தத் தெருவில், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் பாலம்மாள் மட்டும் முதலில் பிரித்துக் கேட்பாள். கண் தெரிந்த காலத்தில் அவர் வண்டியை நிறுத்துவதற்குள் வாசலில் நிற்பாள். கண் போன பிறகு கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பாள்.

அவர் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது செட்டியார்பட்டி வீட்டில் ஆள் நிறைந்திருந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள். மகன் பால் விட்டான், மருமகள் விட்டாள், ஒவ்வொருவராகப் பேரன் பேத்திகள் விட்டார்கள். மண்ணாசையாக இருக்கும் என்று வயலிலிருந்து ஒரு கை மண் எடுத்து வந்து கரைத்து ஒரு சொட்டு வைத்தார்கள். பொன்னாசை என்று மோதிரத்தை உரசிய தண்ணீர் ஒரு சொட்டு. சீவன் போகவில்லை. "யாரையோ எதிர்பாத்துக்கிட்டுக் கெடக்கு" என்று கூடத்தில் ஒரு கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார். யாரை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சங்கையாவைக் கண்டதும் வழி விட்டார்கள்.

"அக்கா, நான் சங்கையா வந்திருக்கேன்."

பாலம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் சர்க்கரை தின்றுவிட்ட கண்கள்.

"போதும்டா மலைச்சாமி," என்றாள். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "ராத்திரிதான் ஒருக்கா நடிச்சுட்டேல்ல."

சங்கையா நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார். மலைச்சாமி சுவரைப் பார்த்தான். அவன் மனைவி வெங்கடேஸ்வரிதான் காதருகே வந்து சொன்னாள்: "தம்பி எங்க, தம்பி எங்கன்னு அரற்றிக்கிட்டே இருந்தாக சித்தப்பா. அந்த நேரத்துல பஸ்ஸுக்கு எங்க போக? சனமெல்லாம் சொல்லவும், இவுக போயி, 'அக்கா, வந்துட்டேன்க்கா'ன்னாக. ஒங்க தொண்டதான இவுகளுக்கும். அத்த கண்டுபிடிச்சிட்டாக."

"நெசமாவே நாந்தான்க்கா," என்று சங்கையா மறுபடியும் குனிந்தார்.

"அவன் வந்தா தெருமுக்குலயே தெரியும். வண்டி சத்தமே கேக்கலியே."

"வண்டி ரிப்பேரு. பஸ்ஸுல வந்தேன். சின்னப்புள்ளைல நான் கெணத்துல விழுந்தப்போ முடியப் பிடிச்சு இழுத்தியே, அது யாருக்குத் தெரியும், சொல்லு."

"அத நாந்தானடா ஒனக்கு ஆயிரம் தடவ சொல்லிருக்கேன். புதுசா ஏதாச்சும் இருந்தாச் சொல்லு."

கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கையா அவள் கையைப் பிடித்தார். வீங்கி, மரத்துப்போன கை. பிடித்தது தெரிந்ததாக அதில் ஒன்றும் இல்லை. கையில் பால் டம்ளரைக் கொடுத்தார்கள். உதட்டருகே கொண்டு போனதும் வாயை மூடிக்கொண்டாள்.

வாசலில் வந்து நின்றார்கள் மாமனும் மருமகனும். தறிச் சத்தம் ஒரே சீராக இருந்தது.

"என்னையச் செருப்பால அடிக்கணும் மாமா."

"விடு."

"ஒரு ஆட்டோவப் பிடிச்சு, சைலன்சரக் கழத்திட்டு, தெருவுல ஓட்டச் சொல்லட்டா?"

"நடிச்சது போதும்லே," என்றார் சங்கையா. "எம்புட்டு நேரம் தாங்கும்?"

"நர்ஸம்மா பாத்துட்டு, பொழுது சாயுற வரைக்கும்னாக."

"அதுக்குள்ள வண்டியோட வாரேன்."

ராஜபாளையத்தில் பஸ் மாறி அவர் வீடு சேர்ந்தபோது, மாரிக்கனி சொல்லியனுப்பி, பட்டறைக்காரன் ஞானதுரை வெல்டிங் செட்டோடு வந்து, வண்டிக்கடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞானதுரைக்கு வாய் நிற்காது.

"ராணுவத்துல டாங்கியையே பிரிச்சுப் போட்டேம்பீக. ஒரு சைலன்சர் நட்டு ஒங்களப் படுக்கப் போட்டுருச்சே. ஆமா, ஸ்டட்டு முனையெல்லாம் ஆணிக்கொண்ட மாதிரி நசுங்கிருக்கே, எந்தப் புண்ணியவான் பண்ணது?"

"நாந்தான்."

ஞானதுரை வாயை மூடிக்கொண்டு கண்ணாடியை மாட்டினான்.

அப்படி நசுக்கியது மலைச்சாமி பிறந்த வருடம். மதுரையில் பிள்ளைப்பேறு முடிந்து பாலம்மாளையும் குழந்தையையும் இதே வண்டியில் அழைத்து வந்தபோது, கிருஷ்ணன்கோவிலில் நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, குழாய் ரோட்டில் இழுபட்டுத் தீப்பொறி பறந்தது. அப்போது அங்கே காலேஜ் இல்லை, காலேஜ் பஸ்களும் இல்லை. இரண்டு டீக்கடைகள் மட்டும். பின்னால் ஜீப்பில் வந்த, பாலம்மாளின் புருஷன் வீட்டு உறவுக்காரர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். லீவில் வந்திருந்த சங்கையாவுக்கு முகம் சுண்டிப்போனது. பாலம்மாள்தான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏலே, ஒன் வண்டிக்குக் கொடல் சரிஞ்சிருச்சுடா" என்றாள். பிள்ளை பெற்ற வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தாள். குழந்தையைச் சுற்றியிருந்த துணியில் ஒரு பட்டை கிழித்து, குழாயைக் கட்டக் கொடுத்தாள். அது எரிந்துபோகும் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கம்பியால் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் இரும்பு நட்டுகளை முடிந்தமட்டும் முறுக்கி, வெளியே நீட்டியிருந்த ஸ்டட் முனைகளைச் சுத்தியலால் அடித்து நசுக்கிவிட்டார். இனிமேல் கழலவே கூடாது. பட்டாளத்தில் அப்படித்தான் பழக்கம். கழலவே கூடாது என்று அன்று அடித்தது, பிறகு பேக்கிங் எரிந்தபோதும் திறக்க விடவில்லை.

மற்ற இரண்டு நட்டுகளை உளியால் பிளந்து எடுத்தார்கள். அந்த ஸ்டட்டுகள் சூடு காட்டியதும் முனகிக்கொண்டே வந்துவிட்டன. உடைந்ததுதான் வரவில்லை. அரை விரற்கடை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஞானதுரை அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளேயே பற்றவைத்தான். ஆறியதும் திருப்பினான். பற்றவைத்த இடம் விட்டுக்கொண்டு நட் தனியே வந்தது.

"அவசரப்படாத," என்றார் சங்கையா.

"அவசரம் ஒங்களுக்குத்தானய்யா."

மறுபடி ஒரு நட், மறுபடி வெல்டிங். இரும்பு சிவந்து, மங்கி, கறுத்தது. சங்கையா மெழுகுவர்த்தி முனையை ஸ்டட்டின் அடியில் தொட்டார். உருகிய மெழுகு மரைக்குள் தானாக இழுபட்டுப் போயிற்று. இனி ஆற வேண்டும். இந்த ஆறுகிற நேரத்தை எதைக் கொண்டும் குறைக்க முடியாது. தண்ணீர் விட்டால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாரிக்கனியின் மடியில் போன் இருந்தது. அது அடிக்கக் கூடாது என்று அவள் நினைத்ததை அவர் பார்த்தார்.

தொட்டுப் பார்க்கிற சூட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை அவரே வாங்கிக்கொண்டார். ஒரேயடியாகத் திருப்பவில்லை. ஒரு நூல் முன்னால், ஒரு நூல் பின்னால். கிறீச் என்றது. மறுபடி முன்னால், மறுபடி பின்னால். ஸ்டட் தன் துருவைத் தானே அரைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஞானதுரை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "குட்டிச்சாத்தான்" என்றான்.

புது ஸ்டட்டும் நட்டும் அவன் வாங்கி வந்திருந்தான். சில்வர் மாதிரி மின்னுகிற துருப்பிடிக்காத நட்டுகளை எடுத்து நீட்டினான். "இதப் போடுங்க. ஆயுசுக்கும் துரு அண்டாது."

"துரு அண்டாது. ஆனா சூட்டுல ஒண்ண ஒண்ணு கவ்விக்கிரும். பொறவு வெட்டித்தான் எடுக்கணும். பித்தளை இல்லையா?"

"இருக்கு. மெத்துன்னுல்ல இருக்கும்?"

"அதுதான் வேணும். ஸ்டட்டு இரும்புல, நட்டு பித்தளைல. ரெண்டும் பிடிச்சுக்கிடாது. கெட்டா நட்டுதான் கெடும், ஸ்டட்டு பொழைச்சுக்கிரும். எப்பக் கழத்தணும்னாலும் வரும்."

மரையைச் சுத்தம் செய்து, புது ஸ்டட்டுகளைக் கையாலேயே திருகி இறக்கினார். இரண்டு முகங்களையும் தேய்த்துச் சமன்படுத்தி, புதுப் பேக்கிங் வைத்தார். மூன்று பித்தளை நட்டுகளையும் ஒன்றை ஒன்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். ஸ்டார்ட் செய்ததும் ஞானதுரை சேருமிடத்தில் கையைக் காட்டிப் பார்த்தான். காற்று வரவில்லை.

மாரிக்கனி முகம் கழுவி, ஒரு துணிப்பையோடு முன் ஸீட்டில் ஏறிக்கொண்டாள்.

வண்டி அப்படி ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. டயர் ரோட்டில் உருளுகிற ஓசை கேட்டது. ராஜபாளையம் நெரிசலில் நின்றபோது, எஞ்சின் அணைந்துவிட்டதோ என்று ஒரு தடவை சந்தேகப்பட்டுச் சாவியைத் தொட்டார்.

"சத்தமே இல்லையே," என்றாள் மாரிக்கனி.

"பேக்கிங் நல்லா ஒக்காந்திருக்கு."

வலது பக்கம் மலை, வெயில் சாய்ந்து நீலமாக இருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஏங்க, சத்தமே இல்லைங்கேன்."

சங்கையா அடுத்த வளைவு வரை ஓட்டினார். பிறகுதான் அது அவருக்குள் போனது. காலையிலிருந்து வண்டியை ஓட வைக்க வேண்டும் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். கை தன் பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்துவிட்டது. ஒழுங்கில்லாமல் செய்ய அதற்குத் தெரியவில்லை.

செட்டியார்பட்டித் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதும் நடிப்புத்தான?" என்றார்.

"வண்டி நம்மது. வந்தது நீங்க. இதுல என்ன நடிப்பு?" என்றாள் மாரிக்கனி. "எறங்குங்க."

ஒரு சக்கரத்தைத் தறிக்கூடத்துப் படியில் ஏற்றி நிறுத்தி, ஸ்பேனரோடு அடியில் புகுந்தார். குழாய் கொதித்தது. பித்தளை நட்டுகள் சொன்ன சொல் கேட்டன. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு விரலாலேயே வந்தன. விரல் வெந்தது. குழாய் இறங்கி வாய் பிளந்தது. நட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புழுதியோடு எழுந்து, சாவியைத் திருப்பினார்.

தெரு அதிர்ந்தது. பழைய சத்தத்தைவிடப் பெரிய சத்தம். தறிக்கூடத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "சாகக் கெடக்குற வீட்டுக்கு வாரவன் வார லெச்சணமா இது?" என்று ஒருவர் கத்தினார். சங்கையா முதல் கியரிலேயே, மெதுவாக, தெரு முழுக்க ஓட்டிக்கொண்டு போனார்.

வாசலில் வெங்கடேஸ்வரி ஓடி வந்தாள்.

"சித்தப்பா, அத்த சிரிக்காக. 'வந்துட்டான்'னாக. காப்பி போடச் சொன்னாக ஒங்களுக்கு. சீனி தூக்கலாப் போடச் சொன்னாக." சொல்லிவிட்டு அழுதுகொண்டே அடுப்படிக்குப் போனாள்.

சங்கையா உள்ளே போகக் காலை எடுத்துவைத்தார். கைகள் முழங்கை வரை கரியும் எண்ணெயுமாக இருந்தன. மலைச்சாமி பால் டம்ளரோடு வந்தான்.

"செத்த நேரம் பொறு. இந்தக் கையோட எப்படி? கழுவிட்டு வாரேன்."

"இருக்கட்டும் மாமா, வாங்க."

"கழுவிட்டு வாரேம்லே."

பின்பக்கக் குழாயடியில் மணலை அள்ளித் தேய்த்தார். சோப்புப் போட்டார். நகக்கண்ணில் இருந்த கரி போகவில்லை. வெந்த விரலில் சோப்பு எரிந்தது. மறுபடி மணலை அள்ளினார். அப்போது உள்ளே யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் கேட்காத ஃபேன், நின்றதும் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெங்கடேஸ்வரியின் குரலும், அதற்கு மேல் மற்றப் பெண்களின் குரல்களும் எழுந்தன.

அவர் குழாயை மூடினார். கையைத் துடைக்கவில்லை.

அடுப்படி வாசல் மேடையில் காப்பி இருந்தது. அவள் அங்கே வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஆவி பறந்துகொண்டிருந்தது. சங்கையாவுக்கும் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகின்றன. தன் நோய் தம்பிக்கும் வந்துவிட்டதே என்று பாலம்மாள் வருந்துவாள் என்பதால் அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஊரெல்லாம் சீனி போடாத காப்பி குடிப்பவர், செட்டியார்பட்டியில் மட்டும் அவள் போடச் சொன்னபடி குடித்துவிட்டு வருவார்.

டம்ளரை எடுத்தார்.

"ஏப்பா, எழவு விழுந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கக் கூடாதுப்பா," என்றார் கூடத்துக் கிழவர்.

"குடிக்கட்டும்," என்றான் மலைச்சாமி.

நின்றபடியே குடித்தார். சூடாக இருந்தது. மாரிக்கனி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சீனி என்று அவள் சொல்லவில்லை. அவர் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடியைச் சங்கையா போட்டார். அந்தச் சேலை மாரிக்கனியின் துணிப்பைக்குள் இருந்தது. மலைச்சாமி இப்போது எஸ்.எஸ்.ஐ. ஆகி அருப்புக்கோட்டையில் இருக்கிறான். வெங்கடேஸ்வரி பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கிறாள். மூத்தவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ஞானதுரை பட்டறையைத் தென்காசி ரோட்டுக்கு மாற்றிவிட்டான். மாரிக்கனிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது, நடக்கிறாள். சங்கையா மடவார் வளாகத்தில்தான் இருக்கிறார். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. முன்பும் பேச மாட்டார்.